முறத்தில் புடைத்த முப்பது பேர்

கலைந்து கிடக்கும் எதையும் ஜெயகுமாரிக்குப் பார்க்கச் சகிக்காது. ஆராதனை முடிந்தால், திருத்தணிச் சபை வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

2008இல் அந்தக் குணம் மகள் ஹெப்சியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஹெப்சி சென்னையில் மென்பொருள் வேலையில் சேர்ந்து ஆறு மாதம். கேட்டவருக்குப் பெயர்களை வயது வரிசையில் அடுக்கி அனுப்பும் ஏபிஐ என்ற ஒரு நிரல். அது ஒழுங்காக அடுக்குகிறதா என்று தானாகவே சோதிக்கும் டெஸ்ட்டை அவள் எழுத வேண்டும். திங்கட்கிழமை அது தேறினால்தான் வேலை நிரந்தரம். சனிக்கிழமை லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், சோதனைக்கு முப்பது பெயர்களையும் வயதுகளையும் அம்மாவை டைப் அடிக்கச் சொன்னாள். அம்மா தன்னையும் சேர்த்துச் சபைப் பெண்கள் சங்கத்தையே ஏற்றிவிட்டாள்.

ஹெப்சி டெஸ்ட்டை ஓட்டினாள். பச்சை. பாஸ்.

சந்தேகம் தீர, ஏபிஐயில் வரிசைப்படுத்தும் வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். சிவப்பு வரவேண்டும். அப்போதும் பச்சை!

பட்டியலைத் திறந்தாள். பதினெட்டு வயதில் தொடங்கி எழுபத்தொன்றுவரை ஒருத்தி பின் ஒருத்தியாக நின்றார்கள். முன்பே அடுக்கிய பட்டியல். ஏபிஐ சும்மா இருந்தாலும் டெஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்?

"அம்மா! வயசு வாரியா யாரு அடிக்கச் சொன்னது?"

"ஆங்? கன்னாபின்னானு அடிச்சா நல்லாவாடி இருக்கும்?"

"கன்னாபின்னானுதாம்மா வேணும். கலைச்சுக் குடு."

ஜெயகுமாரி இரண்டு பேரை இடம் மாற்றினாள். பொறுக்கவில்லை, திருப்பி வைத்தாள்.

"மனசு வரமாட்டேங்குதுடி" என்றவள், எழுந்துபோய் முறத்தை எடுத்து வந்தாள். முப்பது பேரையும் சீட்டில் எழுதிப் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு புடைத்தாள். பாதி தரையில் சிதறியது.

"அடுக்காதம்மா! கைக்கு வந்த சீட்டைப் படி."

"எழுபத்தொண்ணு பக்கத்துல பத்தொம்போதா? கண்றாவி. கன்னியம்மா, ஐம்பத்திரெண்டு. நாப்பத்தெட்டுனு சொல்லிகினு திரியறா, வெளிய விட்டுடாத."

ஹெப்சி சிரித்துக்கொண்டே அடித்து முடித்தாள். ஓட்டினாள். திரை சிவந்தது.

"ஐயோ, சிவப்பா வருதேடி! வேலை போச்சா?"

"வேலை கெடச்சிருச்சும்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். முறம் ஒரு பக்கம் கவிழ்ந்தது. அழித்த வரியைத் திரும்பச் சேர்த்ததும் பச்சை வந்தது. இது நம்பத்தகுந்த பச்சை.

புதன்கிழமை வேலை நிரந்தரமானது. சபையில் எல்லோருக்கும் லட்டு. கன்னியம்மாளுக்கு மட்டும் இரண்டு.

மறு வருடம் ஜெயகுமாரி இறந்தாள். அந்த டெஸ்ட் இன்றும் தினமும் காலையில் ஓடுகிறது. பதினோராவது வரியில் ஜெயகுமாரி, வயது ஐம்பத்துமூன்று. அவளுக்கு முன்னால் எழுபது, பின்னால் இருபத்திரண்டு. ஹெப்சி எதையும் அடுக்கவில்லை.