தொட்டில் கால் கடைந்த பெத்தன் அண்ணன்

புதுவயல் ரைஸ் மில்களில் ஷாஃப்ட் தேய்ந்தாலும் புஷ் உடைந்தாலும் பெத்தன் அண்ணனின் லேத் பட்டறைக்குத்தான் வரும். அங்கே நான் துளை போடும் மெஷினில் நிற்கிறேன். சாயங்காலம் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதும் நான்தான். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதால் அண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாரில் உப்பு இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் காதில் ரகசியமாகச் சொன்னாராம். சமையல்காரர் உள்ளே இருந்து உப்போடு வந்துவிட்டார்.

அவர் மகள் சத்தியப்பிரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தபோதும் அந்த வாய்தான் வம்பை வாங்கி வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கண்ணன் திருக்கோஷ்டியூரில் கட்டில், பீரோ விற்கிறவர். மரத்தைத் தொட்டுப் பார்த்தே குறை சொல்லக்கூடியவர். பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், “தொட்டில் ஸ்டாண்டு நம்ம கடையிலயே கெடக்கு சம்பந்தி. பேர் வைக்கிற அன்னைக்கு நான் கொண்டாந்துர்றேன்” என்றார்.

“தொட்டில் தாய்வீட்டுச் சீரு. அதை உங்க கடையில எடுத்தா எனக்கு என்ன மருவாதி? நானே கடைஞ்சு போடுறேன்.”

“நீங்க இரும்புல்ல கடைவீக? மரம் வேற சம்பந்தி.”

“லேத்துல சுத்துனா எல்லாம் ஒண்ணுதான்!”

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. அண்ணன் பெண்டாட்டி சின்னக்கண்ணு மதினி தலையில் கை வைத்துக்கொண்டது.

சொன்னாரே ஒழிய, மில்களில் வேலை நெருக்கியதால் பேர் வைப்பதற்கு முதல் நாள் காலையில்தான் தொட்டில் வேலையில் கை வைத்தார். பழைய வேப்ப உத்தரம் ஒன்றை அறுத்ததில் காலுக்கு ஒன்றாகச் சரியாக நாலு கட்டை தேறியது. ஒன்று கெட்டாலும் வேறு மரம் கிடையாது. மெஷினை நன்றாகத் துடைத்தோம். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் கட்டை குடித்துவிடும்.

கால் மேலே தடித்து, கீழே வரவரச் சிறுக்க வேண்டும். அதற்குக் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை அண்ணன் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்தி வைத்தார். கட்டை கோணலாக நிற்க, டூல் நேராகப் போகும். அந்த முனையில் அதிகம் சீவும். அளவு பிசகவில்லை. ஆனால் கால் முழுக்கச் சிலாம்பு சிலாம்பாகக் கிளம்பி நின்றது, நனைந்த கோழி மாதிரி. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஏறிவிட்டது. குழந்தை படுக்கிற தொட்டிலுக்கு இப்படி ஒரு கால்!

டூலைச் சாணை பிடித்தார். வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது காலும் அதே கோழிதான்.

“இந்த வேம்புக்கு என் மேல என்ன பகை?” என்று கத்திக்கொண்டிருந்தபோது மதினி சோற்றுத் தூக்கோடு வந்தது. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“நல்லாருக்குங்க. முதுகு சொறிய வச்சுக்கலாம்.”

“ஏ, போயிரு அங்குட்டு!”

மதினி போகவில்லை. இரண்டாவது காலில் அவர் மறுபடி டூலை ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி நீட்டியது. “இதைச் சீவுங்க, பாப்போம்.”

“என்ன விளையாட்டு இது?”

“சீவுங்கன்னா.”

அண்ணன் பிளேடை எடுத்துத் தடித்த பக்கத்திலிருந்து கூர் பக்கமாகச் சீவினார்.

“பென்சிலுக்கு இங்குட்டிருந்து அங்குட்டுச் சீவுறீக. கட்டைக்கு மட்டும் எதுக்கு மெலிசுல ஆரம்பிச்சு மேட்டுல ஏத்துறீக? நார் கிளம்பாம என்ன செய்யும்?”

அண்ணன் பென்சிலையும் லேத்தில் நின்ற கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். இரும்பு வேலையில் டூல் எப்போதும் டெயில் ஸ்டாக்கிலிருந்து, இரும்பைப் பிடித்துச் சுழற்றும் பக்கத்தைப் பார்த்துத்தான் போகும். அவர் கை அதை விட்டு வேறு திசையில் போனதே இல்லை.

டூலை மறுபக்கமாகச் சாணை பிடித்து, தடித்த முனையிலிருந்து மெலிந்த முனைக்கு ஓட்டினார். மூன்றாவது கட்டையிலிருந்து சீவல் வெங்காயச் சருகு போல உதிர்ந்தது. கால் கன்னம் மாதிரி வழவழவென்று வந்தது. கெட்டுப்போன இரண்டையும் சிலாம்பு போகிற வரைக்கும் மறுபடி கடைந்ததில் இளைத்துவிட்டன. ஜோடி சேர வேண்டுமே என்று மற்ற இரண்டையும் இளைக்க வைத்தார்.

“சம்பந்தி மெலிசுன்னு சொல்லுவாரோ?” என்று அன்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சம்பந்தி அதையேதான் சொன்னார். மறுநாள் வீடு நிறைய ஆட்கள். ஸ்டாண்டில் சேலையைக் கட்டித் தொட்டில் தொங்குகிறது. பேரன் இன்னும் சத்தியப்பிரியா மடியில்தான். முத்துக்கண்ணன் குனிந்து, நாலு காலையும் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார்.

“வழுவழுப்பு நல்லாத்தான் இருக்கு. கால்தான் மெலிசு. தாங்குமா சம்பந்தி?”

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். சேலை கட்டிய மேல் சட்டத்தைப் பிடித்து, இரண்டு காலையும் மடக்கித் தொங்கினார். ஸ்டாண்டு அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முத்துக்கண்ணனே சிரித்துவிட்டார்.

“எறங்குங்க, எறங்குங்க! மரத்துல இந்தப் பக்குவம் யாரு சொல்லிக் குடுத்தா?”

தானே கண்டுபிடித்ததாகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தொங்கியபடியே, தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எங்க வீட்டம்மா! பென்சில வச்சுப் பாடம் எடுத்துச்சு!”

எதற்கும் பதில் வைத்திருக்கும் மதினி அன்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டது. சத்தத்தில் பேரன் வீரிட்டு அழுதபோதுதான் உள்ளே இருந்து குரல் வந்தது: “மெதுவாத்தான் பேசித் தொலைங்களேன்!”

திங்கட்கிழமை மில்லுக்காரர் சேதுபதி ஒரு ஷாஃப்ட் வேலையோடு வந்து, பக்கத்திலேயே நின்றார். அண்ணன் பேரன் கதையைச் சொல்லிக்கொண்டே முதல் ஓட்டு ஓட்டினார். டெயில் ஸ்டாக்கைப் பழைய இடத்துக்கு நகர்த்த மறந்துபோனார். அளந்து பார்த்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் சிறுத்திருந்தது. நல்லவேளை, இன்னும் சீவ இரும்பு மிச்சம் இருந்தது.

“ஷாஃப்ட் கேட்டா தொட்டில் கால் கடையிறீக?” என்றார் சேதுபதி.

“தாங்கும்யா. தொங்கிக் காட்டவா?” என்றார் அண்ணன்.