ஐந்தாவது நிரல்

புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, அங்கேயே கொம்பியூட்டர் படித்த அஸீபா, 2010இல் குடும்பத்தோடு சொந்த ஊரான முசலிக்குத் திரும்பினாள். மீள்குடியேறியவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் மன்னார்க் கந்தோரில் வேலை கிடைத்தது. குடும்பங்களுக்குப் போகும் கடிதங்களை அச்சிடும் புரோகிராமை அவள்தான் எழுதினாள். கொழும்பிலிருந்த தரவுத்தளத்தின் அட்டவணையில் ஐந்தாவது நிரலில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் ஐந்தாவது வரிசையில், ‘ஆம்’ என்றிருந்தால் கணவர் இறந்தவர். கடிதத்தில் ‘காலஞ்சென்ற’ என்று விழும்.

2012இல் ஒருநாள் வெள்ளாங்குளத்திலிருந்து றஞ்சிதம் என்ற பெண் கடிதமும் கையுமாக வந்தாள். அவளுடைய கணவர் றொபேட் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர்.

“பிள்ளை, அவரின்ர உடம்பை எங்க கண்டெடுத்தவை?”

அஸீபா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். ‘காலஞ்சென்ற றொபேட் அவர்களின் மனைவிக்கு’ என்றிருந்தது. அட்டவணையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, கொழும்பில் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் ‘காணாமல் போனவரா’ என்று புதிதாக ஒரு நிரலைச் சேர்த்திருந்தார்கள். இப்போது அதுதான் ஐந்தாவது. புரோகிராமோ நிரலின் பெயரைப் பார்க்காமல், ஐந்தாவதையே எடுத்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன பத்தொன்பது பேரை இறந்தவர்களாக்கிக் கடிதம் போயிருந்தது.

பிழை தன்னுடையதுதான் என்று அஸீபா சொன்னாள். றஞ்சிதம் ஏசவில்லை. கடிதம் கிடைத்த கிழமையே கோயிலில் அவருடைய ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நித்திரை கொண்டதாகவும் சொன்னாள்.

“அழுது முடிச்சிட்டன் பிள்ளை. இனித் திரும்பவும் பாத்துக்கொண்டிருக்கோணுமோ?”

மற்றப் பதினெட்டு வீடுகளுக்கும் அஸீபா நேரில் போனாள். பிறகு புரோகிராமைத் திருத்தினாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அது தரவுத்தளத்திடம் நிரல்களின் பெயரையும் வரிசையையும் கேட்கும். தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ஒன்று மாறியிருந்தாலும் அச்சிடாமல் நின்று, மாறியது எதுவென்று காட்டும்.

அடுத்த மாசியில் அது நின்றது. ‘காணாமல் போனவரா’ என்ற நிரலையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் தகவல் இனித் தேவையில்லை, அப்படியானவர்களை எல்லாம் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று போட்டாயிற்று, கடிதத்தில் மனைவியின் பெயர் போதும் என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டுக் கடிதங்கள் தேங்கிக் கிடந்தன. மத்தியானத்துக்குப் பிறகு, புதிய பட்டியலை ஏற்கும்படி புரோகிராமுக்குக் கட்டளை கொடுத்தாள்.

றஞ்சிதத்துக்கு அவளே போன் எடுத்தாள். இனி வரும் கடிதங்களில் றொபேட்டின் பெயர் இருக்காது என்றாள்.



“செத்தவர் எண்டும் இல்லையோ?”

“இல்லை அக்கா. ஒண்டும் இல்லை.”

“சரி பிள்ளை, வைக்கிறன்” என்றாள் றஞ்சிதம்.