கரிக்குச்சிக்கு நடுவே ஒரு சிட்டிகை

எங்கள் தொழிலில் எதையும் கொளுத்திப் பார்த்த பிறகுதான் நம்புவோம். கல்லோ மண்ணோ உலோகமோ, ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே வைத்து மின்சாரத்தை விட்டால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு எரியும். அந்த வெளிச்சத்தை மெஷின் பிரித்து போட்டோ பிளேட்டில் கோடு கோடாக விழவைக்கும். என்ன இருக்கிறது என்பதைக் கோடு விழுந்த இடம் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் கருமை சொல்லும். கறுப்புக் கண்ணாடி போட்டும் கண் எரிந்து, பிளேட் கழுவிக் கழுவி விரல் பழுப்பேறிய சகோதரர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு என் அனுதாபங்கள்.

நான் இருந்தது ஜொகூர் பாருவில், தாதுக்கற்களைச் சோதிக்கிற ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில். ரப்பர் விலை விழுந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்போம், சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற பேச்சில்தான் அந்த மெஷினைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அது கப்பலேறினால் அடுத்த கப்பலில் நான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். காலையில் போனதும் மெஷினுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்காத குறைதான்.

செடெனாக் தங்கம்

செடெனாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். துண்டை மூன்று சுற்று சுற்றி உள்ளே ஒரு கல். ஆற்றோரம் கிடைத்ததாம், பொண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையாம். கல் என்னவோ மஞ்சளாக மின்னத்தான் செய்தது. ஒரு சிட்டிகை பொடித்துக் கொளுத்தினேன். பிளேட் முழுக்க வேலி அடைத்த மாதிரி நெருக்கமாகக் கோடுகள். அத்தனையும் இரும்பு, தங்கத்தின் கோடு ஒன்றுகூட இல்லை என்று பக்குவமாகச் சொன்னேன்.

மனுஷர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் மிச்சக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துச் சொன்னார்: "நீங்க கொளுத்துனீங்க பாருங்க, அந்தச் சிட்டிகையிலதாங்க தங்கம் இருந்திருக்கும்."

தங்காக் ஜரிகை

தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார், பட்டுப்புடவையிலிருந்து உருவிய ஜரிகை இழைகளைக் கொண்டுவந்தார். அசல் வெள்ளி ஜரிகை என்று சத்தியம் செய்து விற்றிருக்கிறான் ஒருவன். கொளுத்தியதும் பச்சைப் பசேலென்று எரிந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அளவு தெரிந்த மாதிரிகளோடு பிளேட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். செம்புக் கோடுகள் கன்னங்கரேலென்று நின்றன. வெள்ளி, பேருக்கு.

செட்டியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் முதலில் கறுத்தது, பிறகு என்ன நினைத்தாரோ, மெல்ல மலர்ந்தது. "நல்ல வேளை தம்பி, இந்தப் புடவையைச் சம்பந்தி வீட்டுக்குன்னுதான் எடுத்து வச்சிருக்கேன்."

மூன்று பட்டை

ஆயுத பூசையன்று எங்கள் ஆய்வுக்கூடத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர் போயிருந்தார். தோட்டத்து லயத்தில் ரப்பர் பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் கழுவி வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். சோறு போடுகிற மெஷினைச் சும்மா விட மனசு வரவில்லை. கரிக்குச்சிகளைப் பிடித்திருக்கும் பித்தளைத் தாங்கிக்கு விபூதி குழைத்து மூன்று பட்டை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன்.

அன்றிலிருந்து எதைக் கொளுத்தினாலும் ஊதாப் பக்கத்தில் தடிதடியாக இரண்டு கோடுகள். கால்சியம். வெள்ளீயத்தில் கால்சியம், இரும்பில் கால்சியம், ஒன்றுமே வைக்காமல் வெறும் குச்சியைக் கொளுத்தினாலும் கால்சியம். துரை ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, மெஷின் பொய் சொல்கிறது என்று திருப்பி அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு விபூதி பூசும்போது மூக்கில் கொஞ்சம் உதிர்ந்தது. அவ்வளவுதான், ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துக்கொண்டு ஓடினேன். தாங்கியின் திருகு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு வெறும் குச்சியைக் கொளுத்தினேன். கோடுகள் இருந்த இடம் தெரியவில்லை. விபூதியைக் கொளுத்தினேன். இரண்டும் ஜம்மென்று வந்து உட்கார்ந்தன. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இதைத் துரையிடம் சொல்லவேண்டுமே என்று நினைத்ததும் குதிக்கிற ஆசை போய்விட்டது.

இரண்டு பிளேட்டையும் அவர் மேஜையில் வைத்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். துரை முன்பு தோட்டத்தில் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். பிளேட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். எழுதி முடித்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"ஒரு வாரமா மெஷின் உண்மையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, நீதான் சொல்லல. மெஷின் இருக்கட்டும், நீயும் இரு. ஆனா அடுத்த பூசைக்கு அதுக்குப் பூ மட்டும் போடு."

ஊரார் கல்லிலும் ஜரிகையிலும் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன எனக்கு, அத்தனையிலும் நானே கலந்திருந்தது மட்டும் ஒரு வாரம் தெரியாமல் போயிற்று.