ரெண்டு கை மொளகு

எந்தம்பி சந்தோஷ்குமாரு மொத்தம் அறுபத்தோரு கட்டுரை எழுதினான். மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல ஒரு மருந்தியல் காலேஜ்ல வாத்தியாரு. எலிக்கு மருந்து குடுத்துப் பாத்து, என்ன ஆச்சுன்னு இங்கிலீசுல எழுதுறதுதான் அவன் பொழப்பு. "அதை எவன்டா படிப்பான்?"னு கேப்பேன். "படிச்சவங்க நான் சொன்னதை எடுத்துச் சொல்லி அவங்க கட்டுரையில எழுதுவாங்கக்கா. அப்படி எழுதினா எனக்கு ஒரு சைட்டேஷன்"பான். அறுபது கட்டுரைக்கும் நாலும் அஞ்சுமாத்தான் வந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு. அது முடவாட்டுக்கால் கெழங்கைப் பத்தின கட்டுரை.

அந்தக் கெழங்கைப் பேத்துக் குடுத்தவ நான்தான். எங்க மலையில, குண்டனி நாட்டுல, எங்க காட்டுக்கு மேல பாறையில ஒட்டிக் கெடக்கும். தோலைச் செதுக்கி, நறுக்கி, காயவெச்சு, அரைச்சு டப்பாவுல போட்டு, அடிவாரத்துக் காரவள்ளி வழியாப் போற பஸ்ஸுல குடுத்தனுப்பினேன். அந்தப் பொடியைக் குடுத்த எலிக்கெல்லாம் கால் வீக்கம் வத்திப்போச்சாம். வெளிநாட்டுல இருந்தெல்லாம் அதை எடுத்து எழுதினாங்க. எனக்குத் தலைகால் புரியல. "எந்தம்பிக்கு முந்நூறு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பக்கத்தூட்டுப் பெருமாயி, "முந்நூறு என்ன, மூட்டையா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

ஆறு வருசம் கழிச்சு, அவங்கிட்ட ஆராய்ச்சி படிக்க வந்த அருள்மொழிங்கிற பொண்ணு, புதுக் கெழங்கு வாங்கி அதே சோதனையைத் திருப்பிச் செஞ்சிருக்கா. வீக்கம் வத்தல. மூணு தடவை செஞ்சும் வத்தல. தம்பி மலையேறி வந்தான். சோறு போட்டேன். தின்னுக்கிட்டே கேட்டான்.

"ஏக்கா, அன்னைக்குப் பொடியில வேற ஏதாச்சும் போட்டியா?"

"ரெண்டு கை மொளகு போட்டேன். இல்லேன்னா வண்டு பிடிக்காதா? மொளகு போடாம முடவாட்டுக்காலை யாருடா அரைப்பா?"ன்னேன், பெருமையா.

அவன் கை சோத்துலயே நின்னுடுச்சு. எங்கூட்டுத் துணிமணியிலகூட மொளகு வாசம் வரும். பொடியில வந்தது அவனுக்கு வித்தியாசமாவே படல போல. "சரிக்கா"ன்னான். மிச்சத்தையும் தின்னுட்டு, கை கழுவிட்டுப் போயிட்டான்.

அடுத்த மாசமே அந்தக் கட்டுரையை அவனா வாபஸ் வாங்கிட்டான். ஏன்டான்னு கேட்டதுக்கு, "கணக்குல பிசகிட்டேன்க்கா"ன்னான். நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்தேனா? "இத்தனை படிச்சும் கூட்டத் தெரியலயாடா?"ன்னு ஏசினேன். சிரிச்சான். வர வேண்டிய புரமோஷன் வரல. கூட வேலை பாத்தவங்க திருட்டுப்பயலைப் பாக்குற மாதிரி பாத்தாங்களாம். அப்படியே ரெண்டு வருசம் ஓட்டினான். போன தை மாசம், பாடம் நடத்திட்டு இருக்கையில நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவன் எந்திரிக்கல. நாப்பத்தெட்டு வயசுதான்.

காரியம் முடிஞ்ச மறுநாள் அருள்மொழி வந்தா. ரொம்ப நேரம் செல்போனையே பாத்துட்டு இருந்தா.

"அம்மா, சாரோட அந்தக் கட்டுரைக்கு இப்ப முந்நூத்தி நாப்பத்தேழுங்க."

"அதைத்தான் வேண்டாம்னு எடுத்துட்டானே, கண்ணு?"

"எடுத்தது தெரியாமலே எழுதுறாங்க. வாபஸ்னு மேல பெருசாத்தான் போட்டிருக்கு. யாரும் பாக்கறதில்லீங்க."

"வாபஸ் வாங்கி ஒரு கடுதாசி எழுதியிருப்பான்ல, அதை எத்தனை பேரு எடுத்துச் சொன்னாங்க?"

"ஒருத்தரும் இல்லீங்க."

அதைப் படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். அரைப் பக்கம்தான். "பொடியில மொளகு கலந்திருந்துச்சு. வீக்கம் வத்துனது கெழங்காலதான்னு சொல்ல முடியாது. பொடியை அரைச்சது நானே, தப்பும் என்னுதே, வேற யாருக்கும் இதுல பங்கில்ல." இவ்வளவுதான் எழுதியிருந்தான்.

கணக்குப் பிசகுன்னு எங்கிட்டச் சொன்னது எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு.

"அது பொய்யி, சாமி"ன்னேன். "அரைச்சவ நான். நீ எழுதிப் போடு. குண்டனி நாட்டுப் பானுமதின்னு எம்பேரைப் போடு."

அந்தப் பொண்ணு அழுதுட்டா. "அதுல இனி யாரும் கை வெக்க முடியாதும்மா. மாத்தணும்னா சாரேதான் எழுதணும்"னா.

உண்மையைச் சொல்லணும்னு இருந்த பேரையெல்லாம் உட்டவன், எனக்காக அந்த ஒரு வரியைப் பொய்யா எழுதிட்டுப் போயிட்டான். கூட்டத் தெரியலயாடான்னு நான் ஏசினப்பக்கூட சிரிச்சுட்டுத்தான் நின்னான், பாவி.