வாடகைக்கு விடுவதற்கு முன் எங்கடினில் ஓர் இரவு

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எதற்கும் பயப்படுகிற ஆள் என்று தெரியும். 2007 செப்டம்பர் கடைசியில் நானும் மனைவி சுகந்தியும் சுவிஸின் மலைப்பகுதியான எங்கடினுக்குப் போனதும் ஒரு பயத்தினால்தான். எங்களிடம் ஒரு பழைய வோன்மொபில் இருக்கிறது. படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. வருடத்தில் மூன்று கிழமை ஓடும். மிச்ச நாளெல்லாம் வில் நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டகையில் மாதம் எண்பது பிராங் தின்றுகொண்டு நிற்கும். சோலோதுர்னில் கணினி வேலை செய்யும் ராகவன் என்ற தமிழ்நாட்டுத் தம்பி, அடுத்த மாதம் மதுரையிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், எங்கடின் சுற்றிக் காட்ட வண்டியை ஒரு கிழமை வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். நாளுக்கு நூற்றிருபது பிராங். சுகந்திக்கு முழுச் சம்மதம். எனக்கு அரைச் சம்மதம்கூட இல்லை. அவர் போகிற பாதையில் முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றேன்.

காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். சென்காலன், கூர் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர். கூர் வரை நெடுஞ்சாலை, பயப்பட ஒன்றுமில்லை. அதன்பிறகு ஜூலியர் கணவாய், 2284 மீட்டர். ஏறும்போது வண்டி முக்கியது. இறங்கும்போது எனக்கு வியர்த்தது. ராகவன் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால்? எதிரே மஞ்சள் தபால் பஸ் வந்தால்? பக்கத்தில் பாறை உரசினால்? ஒவ்வொரு வளைவிலும் என் வண்டி ஒரு தடவை நொறுங்கியது.

"வண்டியை வாடகைக்குக் குடுக்கப் போறியளோ, மகளைக் கட்டிக் குடுக்கப் போறியளோ?" என்றாள் சுகந்தி.

ஒன்றரைக்கு சில்வாப்பிளானா ஏரிக்கரையில் இப்படியான வண்டிகள் தங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். 1800 மீட்டர் உயரம். இரண்டு பேருக்கும் வண்டிக்கும் ஓர் இரவுக்கு முப்பத்தெட்டு பிராங். ஏரி அழகுதான், ஆனால் மூன்று மணிக்கே காற்றும் மழையும் பிடித்துவிட்டன. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான சுவிஸ்காரர் தன் கரவான் வண்டியோடு இருந்தார். வணக்கம் சொன்னோம், தலையாட்டினார்.

நாலு மணிக்கு ராகவன் போனில் எடுத்தார். "அண்ணா, அம்மா வெளிச்சாப்பாடு தொட மாட்டாங்க. வண்டியிலயே சமைக்கலாம்ல? தாளிச்சா பக்கத்துல யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

"எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிப்போட்டுச் சமையுங்கோ தம்பி. நாங்களும் அப்பிடித்தான்" என்றேன்.

இந்த நாட்டில் அடுக்குமாடியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கறி கொதிக்கிற நேரத்தில் அழைப்புமணி அடித்தால், மணத்துக்குக் குறை சொல்லத்தான் பக்கத்து வீட்டார் வந்திருக்கிறார் என்று நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும்.

அன்றும் அப்படித்தான் சமைத்தோம். ஆட்டிறைச்சிக் கறி. ஜன்னல்கள் பூட்டு. கூரையில் காற்றுப் போகிற இடத்தை பிளாஸ்டிக் பையால் அடைத்தேன். அடுப்புக்குக் கீழே, தரையில், குளிர்காற்று வருகிற ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள் சுகந்தி பழைய சாரத்துண்டைத் திணித்தாள். ஹீட்டரும் அன்று பார்த்துப் பற்றவில்லை. சாப்பிட்ட பிறகு குளிருக்காக இரண்டு அடுப்பையும் எரியவிட்டோம்.

ஏழு மணிபோல எனக்குத் தலை இடித்தது. உயரம் கூடிய இடம், அதுதான் என்று நினைத்தேன். சுகந்தி, "எனக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு, வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரி" என்று படுத்துவிட்டாள்.

அப்போது கதவைத் தட்டினார்கள். ஜன்னல் சீலையை நீக்கிப் பார்த்தேன். பக்கத்துக் கிழவர்.

"மணத்துக்குத்தான் வந்திருக்கிறார்" என்றேன்.

"துறவாதேங்கோ" என்றாள் சுகந்தி, கண்ணைத் திறக்காமலே. "படுத்திட்டினம் எண்டு நினைச்சுப் போயிடுவார்."

நான் லைட்டை அணைத்தேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அவர் திரும்பவும் தட்டினார். போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். மூன்றாம் முறை ஓங்கித் தட்டினார். ஒரு மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன். கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. சுகந்தியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. தவழ்ந்து போய்க் கதவுப் பிடியில் தொங்கினேன். கதவு திறந்தது, சேற்றில் விழுந்தேன்.

அந்த மனிதர் என்னைத் தாண்டி உள்ளே போனார். சுகந்தியைக் கக்கத்தில் பிடித்து மழைக்குள் இழுத்து வந்தார். மழை முகத்தில் பட்டு அவள் இருமும்வரை நான் அவள் பெயரையே கத்திக்கொண்டிருந்தேனாம். வண்டியோரம் நாங்கள் விரித்துவிட்டிருந்த வெயில் மறைப்புத் துணி காற்றில் கிழியப்போகிறது என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் விடியும்வரை ஒக்சிஜன் வைத்தார்கள். அடைத்த வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் நச்சு வாயு வரும், அதற்கு மணமே இல்லை என்றார் டாக்டர். தரையில் அந்த ஓட்டையை வைத்திருப்பதே காற்றுக்காகத்தானாம்.

உங்களுக்கும் வண்டியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், காப்புறுதிக்காரரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள், சாதாரணக் காப்புறுதி பெரும்பாலும் போதாது. எரிவாயுக் குழாய்களைப் பரிசோதிக்கக் கொடுங்கள். நச்சு வாயுவுக்கு மணி அடிக்கும் கருவி கடையில் கிடைக்கும், அதை வாங்காமல் வண்டித் திறப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள். காற்றுத் துளைகளைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். இருநூறு கிலோமீட்டரும் நான் வண்டியை நினைத்துத்தான் பயந்தேன், அதில் ஏறப்போகிற அந்த மூன்று பேரை ஒரு வளைவிலும் நினைக்கவில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு ராகவனுக்கு வண்டியைக் கொடுப்பதென்றுதான் இருந்தேன். அடுத்த நாள் அவரைப் போனில் கூப்பிட்டு நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். நல்ல பிள்ளை, பதறிப்போனார். அக்கா எப்படி இருக்கிறார் என்று இரண்டு தரம் கேட்டார்.

"அப்ப ஜன்னலைக் கொஞ்சமா திறந்து வைச்சுக்கலாம்ல அண்ணா?" என்றார். "பக்கத்துல யாரும் வந்து தட்டினா உடனே மூடிடுறோம்."

முதல் நாள் இரவு லைட்டை அணைத்துவிட்டு இருந்தவன் நான். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"வண்டி இல்லை தம்பி" என்றேன்.