அவள் எழுதிய செய்நிரலும் என் விளக்கவுரையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், கணினி இருந்த ஒரே காம்பரா என் தோழியுடையது. துரை பங்களாவில் சமையல் செய்த அவளுடைய அப்பா, அங்கே கழித்துப்போட்ட பழைய பெட்டியைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்திருந்தார். பின்புறம் பானைபோல் புடைத்த திரை. இணையம் கிடையாது. பாடப்புத்தகத்தில் இருந்த பாஸ்கல் என்ற நிரல்மொழி மட்டும் அதில் ஓடியது. பக்கத்தில் யாராவது மின்கேத்தலைப் போட்டால் திரை அணைந்துவிடும்.

"யாரும் தண்ணி சுட வச்சிறாதீங்க!" என்று அவள் சுவரைத் தட்டுவாள்.

"ஒன் பொட்டிக்காக நாங்க பச்சத் தண்ணி குடிக்கணுமா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வரும்.

திரை அணையாமல் இருந்த இடைவெளிகளில் அவள் எழுதியதுதான் ரயில் செய்நிரல். வட்டவளை முதல் பட்டிப்பொல வரை ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் கொடுத்தால், எத்தனையாவது நிலையத்தில் இறங்க வேண்டும் என்று அது சொல்லும். நிலையங்களின் பெயர்களை வரிசையாக வாசித்துக் கொடுத்தேன். என் பங்களிப்பு அவ்வளவே.

பாடசாலைக் கண்காட்சிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சென்றோம். யார் செய்த பொருளானாலும், அதிகாரிகள் வரும்போது பேசத் தெரிந்தவரே முன்னால் நிற்பது எங்கள் பாடசாலை வழக்கம். நானோ விவாத அணித் தலைவி. "நீயே பேசுடி, எனக்கு வாய் வராது" என்று அவளும் ஒதுங்கிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் வந்தார். பட்டிப்பொலயில் ஏறி வட்டவளையில் இறங்குவதாகத் தட்டினார். கழித்தல் குறியோடு விடை வந்தது.

"ரயில் பின்பக்கமா ஓடுதோ, பிள்ளை?"

பிழைகளே அறிவின் படிக்கற்கள் என்று நான் முழங்கத் தொடங்கினேன். அதற்குள் அவள் குனிந்து ஒரு வரியைச் சேர்த்து, மீண்டும் ஓட்டினாள். விடை சரியாக வந்தது.

"நல்லா விளங்கப்படுத்தினீர். உமக்கு உதவிக்கு நிக்கிற பிள்ளையும் கெட்டிக்காரிதான்" என்றார் அவர்.

ஹட்டனில் சனிக்கிழமைதோறும் நடந்த இலவசக் கணினி வகுப்பில் எங்கள் பாடசாலைக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. அவர் என் பெயரை எழுதினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நன்றியுரை ஆற்றினேன்.

அந்த வகுப்புக்கு நான்கு சனிக்கிழமைகள் மட்டுமே போனேன். அவள் ஒரு நிமிடத்தில் சேர்த்த வரியைப் போல ஒன்றை என்னால் ஒரு மாதத்திலும் எழுத முடியவில்லை. விவாதப் போட்டிகளும் சனிக்கிழமைகளிலேயே வந்தன. ஆகவே நின்றுவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவள் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நான் பல்கலைக்கழகம் வந்தேன்.

சென்ற தீபாவளிக்கு ஊர் வந்தவள் என்னிடம் கேட்டாள்: "அந்த ஹட்டன் வகுப்புல என்னடி படிச்சுக் குடுத்தாங்க? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

"நாலு கெழமதான் போனேன்."

"அப்புறம் அந்த எடத்துக்கு யாரு போனா?"

"யாரும் போகல."

அவள் முகம் மாறியது. "அன்றைய சூழ்நிலையில்..." என்று ஆரம்பித்தேன்.

"மேடப்பேச்சு வேணாம்டி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். ஆறு காம்பரா தள்ளித்தான் அவள் இருந்தாள்.