இறக்காமத்தில் அழித்த ஒன்பது கவிகள்

1982 பெப்ரவரியில் நான் கிழக்கிலங்கையின் இறக்காமத்துக்குப் போனது ஆராய்ச்சிக்காக. குடியுரிமை இல்லாதவர்கள் என்ன பாடுகிறார்கள் என்பது என் கேள்வி. எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த, குடியுரிமை இல்லாத சிலர் அங்கே வயல்கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தோட்டத்துப் பாட்டை அள்ளிக்கொண்டு வரலாம் என்ற மிதப்போடு கிளம்பினேன்.

கல்முனையில் காலை ஏழு மணிக்கு ஹனீபா காக்காவின் வாடகைக் காரில் ஏறினேன். காக்கா என்றால் அங்கே அண்ணன். போய்வர நூற்றிருபது ரூபாய். "இன்னும் வெள்ளன வெளிக்கிட்டா ஆனை றோட்டில நிக்கும் தங்கச்சி," என்றார். ஏறக்குறைய பதினாறு மைல். நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

வரப்பில் மாரியம்மா உட்கார்ந்திருந்தாள். தோட்டத்திலிருந்து வந்தவள் என்று காக்கா முன்பே சொல்லியிருந்தார். "பாட்டுப் பதிவு செய்ய வந்திருக்கிறேன்," என்று ஒலிப்பதிவுக் கருவியை வைத்தேன். பெயர், வயது, ஊர் கேட்டேன். பிறந்ததே இறக்காமம் என்றாள். நான் நம்பவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டேன். பிறகு பாடினாள். தோட்டத்துப் பாட்டு ஒன்றுகூட இல்லை. அவளோடு கதிர் அறுக்கும் முஸ்லிம் பெண்கள் பாடுகிற, அங்கே கவி என்று சொல்லும் நாட்டுப்பாடல்கள், ஒன்பது, சொல் பிசகாமல். எனக்கு எரிச்சல்.

"உங்கட பாட்டு ஒண்டு பாடுங்களன்."

"ஓம், இதுதான் எங்கட பாட்டு."

கருவியை நிறுத்தியதும் அந்த ஊர் 'ஓம்' போய், தோட்டத்துப் பேச்சு வந்தது. "பதிஞ்சாச்சுங்களாம்மா? அப்ப எனக்குப் பிரஜாவுரிமை எப்பங்க வரும்?"

காக்காதான் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "பதிவு எண்டா இவகளுக்குப் பிரஜாவுரிமைப் பதிவுதான் தங்கச்சி. இந்த ஊர்க் கவி படிச்சா இந்த ஊர் ஆள் எண்டு எழுதுவீங்க எண்டு நினைச்சிருக்கா."

நீங்களும் போவதானால் அறுவடைக் காலத்தில், காலையிலேயே கல்முனையிலிருந்து கிளம்புங்கள். பாட்டுக் கேட்க வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். பெயரும் ஊரும் எழுதுவதானால் எதற்கென்று முதலில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

திரும்பிப் போய் மாரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "அப்ப அத அழிச்சிருங்கம்மா. இங்க பொறந்தேன்னு பொய் சொல்லிட்டேன். நாளைக்கு நெசமாவே பதியிறவங்க காதுல விழுந்தா?"

எழுதிய தாளைக் கிழித்தேன். மைக்கைக் கழற்றிவிட்டு, நாடாவில் அவள் பேச்சு, பாட்டு எல்லாவற்றின் மேலும் வெறுமையைப் பதிந்தேன். பன்னிரண்டு நிமிடம். பிறகு போட்டுக் காட்டினேன். மாரியம்மா காதைக் கிட்ட வைத்து, தன் குரல் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று அந்த இரைச்சலைக் கடைசிவரை கேட்டாள்.

"இன்னொரு தடவ போடுங்கம்மா," என்றாள்.